பத்மா இறந்த நேரம்

2025 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 1 மணி 52 நிமிடம். பதினொரு மாடி. பதில் வராத அழைப்புகள் மூன்று.

இறப்புச் செய்தி போனில் வரும் என்றுதான் நாங்கள் எல்லோரும் பழகியிருக்கிறோம். ஊரிலிருந்து வந்தாலும் அப்படித்தான், பக்கத்து ரொம்மனிலிருந்து வந்தாலும் அப்படித்தான். எனக்கு இந்த முறை அப்படி வரவில்லை. ஒஸ்லோவில், புருசெத்தில், அந்தக் கட்டடத்தின் லிப்டைப் பழுது பார்ப்பதற்காக நாங்களே நிறுத்தி வைத்திருந்தோம். ஆகவே படியால் ஏறினேன். மாடிக்கு மாடி திட்டிக்கொண்டு ஏறினேன். உச்சியில் இயந்திர அறை. அதன் வாசலில் பத்மா விழுந்து கிடந்தார். கால்கள் படிக்கட்டுப் பக்கம், தலை அறைக்குள். பக்கத்தில் நிலத்தில் அவருடைய சில்வர் கப். அதில் தேத்தண்ணி சிந்தாமல் இருந்தது.

நெஞ்சை அமத்தினேன். முப்பது வரை எண்ணினேன், இரண்டு முறை ஊதினேன், திரும்ப எண்ணினேன். அம்புலன்ஸ்காரர் வந்து என்னை விலக்கிவிட்டுத் தாங்கள் எண்ணினார்கள். ஆஸ்பத்திரிக் கடிதத்தில் இறந்த நேரம் 2 மணி 36 என்று இருக்கிறது. அது டொக்டர் கையை எடுத்த நேரம். பத்மா இறந்த நேரம் எது என்று எனக்குத் தெரியாது. அது தெரியாததால் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். புருசெத்தில் இருக்கிறவர்களுக்குக் கட்டாயம் தெரியும். அகலமான முகம், மீசை, காது மறைய இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. "சைனீஸ் அண்ணை வந்திட்டார், இனி லிப்ட் ஓடும்" என்று லிப்ட் வாசலில் நின்று சொல்லுவீர்கள். நான் திருத்தவில்லை. திருத்தினால் விளக்க வேண்டும், விளக்கினால் வேலை பிந்தும். இப்போது திருத்துகிறேன். அவர் சீனர் இல்லை. கல்மிக்கர்.

இரண்டு வருசத்துக்கு முன் மேற்பார்வையாளர் எனக்கு அனுப்பிய தகவலில் "நாளையிலிருந்து உன்னோடு பத்மா வேலை செய்வார்" என்று மட்டும் இருந்தது. எனக்குத் திராமனில் ஒரு பத்மா சித்தி இருக்கிறா. எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒன்று லிப்ட் வேலைக்கு வருகிறது என்று நினைத்து வேனைக் கூட்டித் துடைத்து, முன் சீற்றில் கிடந்த பழைய கையுறைகளை எறிந்து, ஆயத்தமாக நின்றேன். மீசை வைத்த ஒருவர் வந்து கதவைத் திறந்து ஏறி இருந்தார்.

"பத்மா எங்கே?" என்றேன்.

"இருக்கிறேனே."

தாமரை என்றுதான் அவர்களுக்கும் அர்த்தம். ஆணுக்கும் வைப்பார்களாம். இந்தியாவிலிருந்து திபெத்துக்குப் போய், மொங்கோலியருக்குப் போய், அங்கிருந்து வொல்கா ஆற்றங்கரைக்குப் போன பெயர். "உங்கள் வீட்டிலிருந்துதான் எடுத்தோம்," என்றார். "நானூறு வருசமாகிவிட்டது. திருப்பிக் கேட்காதே."

நாங்கள் பேசியது நோர்வேஜிய மொழியில். அவருடையது உடைந்தது, என்னுடையது அவசரமானது. இங்கே எழுதுவதெல்லாம் அதன் தமிழ்.

காஸ்பியன் கடலுக்கு மேற்கே, ரஷ்யாவுக்குள், மரமில்லாத ஒரு புல்வெளி நாடு அவருடையது. அவருடைய ஆட்கள் மந்தைகளோடு மொங்கோலியப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். 1771இல் பெரும்பகுதியினர் பழைய நாட்டுக்கே திரும்பிப்போகப் புறப்பட்டார்கள். ஆற்றின் மேற்குக் கரையில் இருந்தவர்கள் ஆறு உறைந்ததும் கடந்துவந்து சேர்ந்துகொள்வதாக இருந்தது. அந்தக் குளிரில் ஆறு உறையவில்லை. போனவர்களில் ஏராளமானோர் வழியில் செத்தார்கள். நின்றவர்களின் பிள்ளைகள்தான் கல்மிக்கர். "நாங்கள் யோசித்து முடிவெடுத்து நின்றவர்கள் இல்லை. ஆறு உறையாததால் நின்றவர்கள்," என்பார்.

ஒரு பெப்ரவரியில் சொக்ன்ஸ்வான் ஏரிக்குப் பக்கத்தில் வேனை நிறுத்திச் சாப்பிட்டோம். நான் ஐஸ் மேல் நடந்து நடுவுக்குப் போய்விட்டேன். அவர் கரையிலேயே நின்றார்.

"வா! முப்பது சென்ரிமீற்றர் இருக்கு. கார் விடலாம்!"

"நீ நட. எங்கள் ஆட்கள் ஒருமுறை ஐஸை நம்பினார்கள்."

ஊரில் அவர் மின்பொறியியலாளர். 2022 இலையுதிர் காலத்தில் படைக்கு ஆள் கூப்பிடத் தொடங்கியதும் தாயையும் தங்கையையும் விட்டுவிட்டுக் கிளம்பியவர். அந்தப் பயணத்தைப் பற்றி நான் கேட்டதில்லை. எங்கள் வீடுகளிலும் அப்படிக் கேட்கிற பழக்கம் இல்லை. அவருடைய சான்றிதழ்கள் இங்கே இன்னும் ஏற்கப்படாததால் எனக்கு உதவியாளாக வந்தார். எனக்கு இப்போது இருபத்தொன்பது வயது, அவருக்கு நாற்பத்துநாலு. அதிகாரம் என்னுடையது. அதை நான் நன்றாகவே காட்டினேன். பொறுமை இல்லாதவன் நான் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஒவ்வொரு நாளும் பெரிய பிளாஸ்க்கில் தேத்தண்ணி கொண்டுவருவார். பால், வெண்ணெய், உப்பு, சாதிக்காய். முதல்நாள் குடித்துவிட்டு "இது சூப்போ தேத்தண்ணியோ?" என்று கேட்டேன். "சீனி போட்டுக் குடிக்கிறவர்களிடம் அதைப் பற்றிக் கதைக்க முடியாது," என்றார். பிரச்சினை சுவையில் இல்லை. கப்பில் ஊற்றியதும் மோதிர விரலைத் தொட்டு நாலு பக்கமும் துளி தெளிப்பார். முதல் பங்கு தனக்கு இல்லை என்று அர்த்தம். அதை இயந்திர அறைக்குள், கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு முன்னால் நின்று செய்தார்.

"உனக்கு விசரா? நானூறு வோல்ட்! பாலைத் தெளிக்கிறாய்!"

"நாலு துளிதான்."

"நீ பொறியியலாளன். உனக்கு நான் சொல்லித் தரவேண்டுமா? இனி அறைக்குள் தெளித்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்."

அதற்குப் பிறகு ஒருநாளும் அறைக்குள் தெளிக்கவில்லை. கப்பை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய், படிக்கட்டில் தெளித்துவிட்டுத் திரும்பி வருவார். அவர் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் கிடந்தது அதனால்தான்.

ஒருமுறை அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அம்மா இடியப்பமும் சொதியும் வைத்தா. சொதியை ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்புப் போட்ட பால்! நோர்வேயில் கடைசியாக ஒரு நாகரிகமான வீடு," என்றார். அம்மா சொதிச் சட்டியையே அவருக்கு முன்னால் நகர்த்தினா. எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்பா கேட்கும்வரைக்கும்.

"நீங்கள் என்ன சமயம்?"

"புத்தம்."

அப்பாவின் கை இடியப்பத்தில் நின்றது. ஊரில் எந்தச் சந்தியில் வெள்ளரசை நட்டார்களோ அந்தச் சந்திக்கு அடுத்ததாக ஆமி வரும். அப்பாவுக்குத் தெரிந்த புத்தம் அதுதான். என்னைப் பார்த்துத் தமிழில், "உதை முதலே சொல்லியிருக்கலாம்," என்றார்.

பத்மாவுக்கு மொழி விளங்கவில்லை, முகம் விளங்கியது. கையைத் துடைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "எங்கள் நாட்டில் இருந்த கோவில்களை எல்லாம் மூடினார்கள். இடித்தார்கள். பிக்குகளைச் சுட்டார்கள், முகாமுக்கு அனுப்பினார்கள். நான் சின்னவனாக இருந்தபோது ஊரில் கும்பிட ஒரு இடம் இல்லை. மாமா ஒரு படத்தைப் பெட்டிக்கு அடியில் உடுப்புக்குள் வைத்திருந்தார். வருசத்துக்கு ஒருமுறை யன்னலை மூடிவிட்டு எடுப்பார்."

அப்பாவின் கை திரும்ப இடியப்பத்தைப் பிசைந்தது. "கோவில் இடிபட்ட புத்தரை நான் இப்பதான் காணுறன்," என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அப்பா சொதியைக் காட்டி "இன்னும் விடு அவருக்கு" என்றதே போதுமாக இருந்தது.

1943 டிசம்பரில் கல்மிக்கர் முழுச் சனத்தையும் துரோகிகள் என்று சொல்லி, மாட்டு ரயிலில் ஏற்றிச் சைபீரியாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பதின்மூன்று வருசம் ஊருக்குத் திரும்ப விடவில்லை. பத்மாவின் தாய் சைபீரியாவில் பிறந்தவர். பத்மா இதைச் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி இது:

"எவ்வளவு நேரம் தந்தவங்கள்?"

"அரை மணி. சில வீடுகளுக்கு அதுவும் இல்லை."

"எங்களுக்கு ஒரு பின்னேரம்," என்றா அம்மா. "என்னத்தை எடுத்தவை?"

"தையல் மெசின். சைபீரியாவில் அதுதான் சோறு போட்டது. நீங்கள்?"

"இவர் காணி உறுதியை எடுத்தவர். நான் சேர்ட்டிபிக்கற்றை எடுத்தனான். ஒண்டும் ஒருத்தருக்கும் சோறு போடேல்லை."

மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை. தொண்ணூற்றைந்தில் சனம் எல்லாம் ஊரைவிட்டு நடந்த அந்த வலிகாமத்து நடையில் நான் இல்லை என்று சொன்னேன். "அம்மாவின் வயிற்றில் ரெண்டு மாசம். அது கணக்கில் வராது."

"எங்கள் கணக்கில் வரும்," என்றார் பத்மா.

எப்படி வரும் என்பதைப் போன டிசம்பரில் காட்டினார். அவர்களுக்கு ஜூல் என்று ஒரு பண்டிகை. பிறந்தநாள் தனித்தனியாக இல்லை. அந்த ஒரு நாளில் எல்லோருக்கும் ஒரு வயது கூடும். கோதுமை மாவில் சின்ன ஓடம் மாதிரி விளக்குச் செய்து, நெய் ஊற்றி, புல்லுக் குச்சியில் பஞ்சு சுற்றித் திரியாக நடுவார்கள். வயதுக்கு ஒன்று, அதோடு இன்னொன்று. அவருடைய அறையில் குந்தியிருந்து நான் எண்ணினேன்.

"நாற்பத்துநாலு. பிழை. உனக்கு நாற்பத்துமூன்று."

"யார் சொன்னது?"

"உன் பாஸ்போர்ட்."

"வயிற்றில் இருந்த காலத்தைப் பாஸ்போர்ட் எண்ணாது. நாங்கள் எண்ணுவோம். உன் அம்மா நடந்தபோது நீயும் நடந்தாய்."

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கெதியாய்க் கொளுத்து, புகை அலாரம் அடிக்கப்போகுது" என்றேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் அப்பப்பா ஒஸ்லோவில் இறந்தவர். திதி பார்க்கும்போது, பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்துக்குக் கணித்தது, நேரத்தை யாழ்ப்பாண நேரமாக மாற்ற வேண்டும் என்று அப்பா நின்றார். செத்த இடத்து நேரம்தான் நேரம் என்று திராமன் சித்தப்பா நின்றார். இரண்டு கணக்குக்கும் நடுவில் திதி மாறுகிறது. ஆகவே வருசத்துக்கு இரண்டு திவசம், இரண்டு வீடு. இதை ஒருநாள் வேனில் பகிடியாகச் சொன்னேன். "நான் ரெண்டுக்கும் போவேன். ரெண்டு இடத்திலும் வடை நல்லது."

பத்மா சிரிக்கவில்லை. "நேரம் தெரிந்திருக்கிறதே," என்றார். "அம்மாவுக்கு அவர் காணாத அண்ணன் ஒருவன் இருந்தான். ரயிலில் செத்தான். எந்த நாள், எந்த நேரம், எந்த இடம், ஒன்றும் தெரியாது. ரயில் நின்ற ஏதோ ஓரிடத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். எழுபது வயது தாண்டியும் அம்மா ஒவ்வொரு வருசமும் கோவிலுக்குப் போகிறார். பிக்கு நேரம் கேட்பார். அம்மா தெரியாது என்பார்."

நான் சிக்னல் மாறிவிட்டது என்று ஹோர்ன் அடித்தேன்.

பத்மா இறந்த மறுநாள் அவருடைய தங்கை கெர்மென் என்னைக் கூப்பிட்டாள். ஆங்கிலம் கதைப்பாள். பக்கத்தில் தாய் இருப்பது தெரிந்தது, மூச்சு கேட்டது. அண்ணனை ஊருக்குக் கொண்டுவர வழியில்லை, அங்கேயே அடக்கம் செய்யுங்கள் என்றாள். அழவில்லை. பிறகு, "அம்மா ஒரே ஒன்றுதான் கேட்கிறார்," என்றாள். "நேரம். எந்த நேரத்தில் இறந்தார்? கோவிலில் சொல்ல வேண்டும். எந்த நாளில் அடக்கம், யார் தொடலாம், யார் கிட்டே வரக்கூடாது, எல்லாம் அதை வைத்துத்தான். இந்த முறை தெரியாது என்று சொல்ல முடியாது என்கிறார் அம்மா."

ஆஸ்பத்திரி நேரத்தைச் சொன்னேன். "அது எழுதிய நேரம். மூச்சுப் போன நேரம் வேண்டும்," என்றாள். எங்கள் வீட்டுச் சண்டை ஞாபகம் வந்து, எந்த ஊர் நேரத்தில் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். கோவிலில் கேட்டுவிட்டு வந்தாள். "அவர் விழுந்த இடத்துச் சூரியன்." சித்தப்பா கேட்டால் சந்தோசப்படுவார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நான் கீழே லிப்டின் குழிக்குள் நின்றேன். மேலே பத்மா லிப்டைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றிவிட்டு, ஆள் ஏறும் பெட்டியை மெதுவாக நகர்த்த வேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டி ஒவ்வொரு அசைவையும் நேரத்தோடு பதிந்து வைக்கும். 1 மணி 31க்குச் சுவிட்சைத் திருப்பியிருக்கிறார். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. 1:38க்கும் 1:41க்கும் கூப்பிட்டேன். குழிக்குள் சிக்னல் ஒழுங்கில்லை, அதனால்தான் போகவில்லை என்று நினைத்தேன். வெளியே ஏறி வந்து 1:46க்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஒரு குரல் செய்தி அனுப்பினேன். "என்ன செய்கிறாய் மேலே? திரும்பவும் சாமிக்குத் தேத்தண்ணி ஊத்துறியா?" பிறகு ஒரு சிகரெட் பிடித்தேன். பிறகு ஏறினேன். 1:52.

முப்பத்தொன்றுக்கும் ஐம்பத்திரண்டுக்கும் இடையில். இருபத்தொரு நிமிடம். அதை அப்படியே கெர்மெனுக்கு எழுதினேன். அவள் கோவிலுக்குப் போய்விட்டு வந்து திரும்பக் கூப்பிட்டாள்.

"ஒரு நாளைப் பன்னிரண்டு பங்காகப் பிரிப்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு மிருகத்தின் நேரம். நீங்கள் சொன்ன இருபத்தொரு நிமிடத்துக்குள், 1 மணி 42 அளவில், ஒரு எல்லை விழுகிறது. முன்பக்கம் குதிரை, பின்பக்கம் ஆடு. எது?"

"தெரியாது."

"நீங்கள் எந்த ஆண்டில் பிறந்தீர்கள்?"

"தொண்ணூற்றாறு."

"எலி," என்றாள். "குதிரை நேரத்தில் இறந்திருந்தால், எலி ஆண்டுக்காரர் அடக்கத்துக்கு வரக்கூடாது. போகிறவருக்குப் பாதை மறிக்கும். ஆட்டு நேரம் என்றால் நீங்கள்தான் தூக்க வேண்டும் என்று அம்மா சொல்கிறார். அவருக்கு மூச்சுக் கொடுத்தவர் நீங்கள்."

வாசிக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், நானும் இங்கேதான் நின்றேன். எனக்கு இந்த மிருகங்களில் நம்பிக்கை இல்லை. ஆனால் கணக்கு விளங்கியது. ஆடு என்று சொன்னால் நான் பத்மாவைத் தூக்கலாம். ஆனால் ஆடு என்றால், நான் கூப்பிட்டபோது அவர் உயிரோடு கிடந்தார். அந்தக் குரல் செய்தி வந்து போன் வெளிச்சம் போட்டபோதும் கிடந்திருக்கலாம். நான் சிகரெட் பிடித்தபோதும் கிடந்திருக்கலாம். குதிரை என்றால் விழுந்தவுடனே போய்விட்டார், நான் ஏறியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அடக்கத்துக்குப் போக முடியாது.

எனக்குத் தெரிந்த வழியில் தேடினேன். நான் மேலே போய் அவரைத் தொட்டபோது அந்தத் தேத்தண்ணியில் வெண்ணெய் ஆடையாகக் கட்டியிருந்தது ஞாபகம் இருந்தது. சனிக்கிழமை வீட்டில் அதே மாதிரிக் காய்ச்சி, அதே அளவு பிளாஸ்க்கில் விட்டு, அதே கப்பில் ஊற்றி, இயந்திர அறையின் பதினேழு பாகை வரப் பல்கனிக் கதவைத் திறந்து வைத்து, வெப்பமானியோடு குந்தியிருந்தேன்.

"என்னடா கூத்து இது?" என்றா அம்மா. "குளிர் அடிக்குது, கதவைப் பூட்டு."

"ஒரு நிமிசம், அம்மா. ஆடை எத்தினை நிமிசத்தில் கட்டுதெண்டு பாக்கிறன்."

"எத்தினையாம்?"

"முதல்தரம் பதினாலு. ரெண்டாந்தரம் பதினெட்டு."

"சரி. அப்ப தேத்தண்ணி ஊத்தின நேரம் தெரியும். அவர் போன நேரம் எப்படித் தெரியும்?"

சேர்ட்டிபிக்கற்றைத் தூக்கிக்கொண்டு நடந்தவ. மூன்று மணி நேரம் நான் பார்க்காததை ஒரு கேள்வியில் பார்த்துவிட்டா. நான் தேத்தண்ணியைத் தொட்டியில் ஊற்றினேன். பிறகு கப்பைக் கழுவினேன். பிறகு அந்தக் கதிரையிலேயே இருந்தேன். அம்மா கதவைப் பூட்டிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றா.

ஞாயிற்றுக்கிழமை கெர்மெனைக் கூப்பிட்டேன். "1 மணி 31," என்றேன்.

"உறுதியா?"

"அவருடைய கை கடைசியாகச் செய்தது அந்த நேரத்தில். அதற்குப் பிறகு என்னால் காட்டக்கூடிய எண் ஒன்றும் இல்லை. உறுதி இல்லை. அம்மாவிடம் இதையும் சொல்லு."

அவள் தாயிடம் சொன்னது கேட்டது. நீளமாகச் சொன்னாள். தாய் ஒரே ஒரு வசனம் சொன்னார். கெர்மென் திருப்பிச் சொன்னாள். "கை செய்தது போதும் என்கிறார்."

அந்த எண் என்னைக் காப்பாற்றுகிற எண் என்று எனக்குத் தெரியும். ஆகவே வேறு எண்ணைச் சொல்லியிருக்க வேண்டுமா? அதுவும் தெரியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு வசதியான ஒன்று அங்கே இருந்தது. ஒரு தாய்க்கு ஒரு நேரம் தேவைப்பட்டது. கொடுத்தேன். அவ்வளவுதான்.

அடக்கம் பத்தாம் நாள், வியாழக்கிழமை முற்பகல் என்று கோவிலிலிருந்து வந்தது. தூக்க ஆள் குறைந்தது. ஒஸ்லோவில் பத்மாவுக்குத் தெரிந்த கல்மிக்கர் மூன்று பேர், அவர்களில் தூக்கக்கூடியவர் ஒருவர். வேலையிடத்திலிருந்து நாலு பேர். ஆறாவது ஆளாக நான் இருந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை அப்பா சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். "அறுபத்துநாலிலை பிறந்தவை என்ன மிருகம்?" என்று கேட்டார்.

"பறவைநாகம் மாதிரி ஒண்டு. பிரச்சினை இல்லையாம்."

"அப்ப நான் போறன். அங்கை என்ன சொல்லோணும்?"

"ஒண்டும் சொல்லத் தேவையில்லை, அப்பா. தூக்குங்கோ."

வியாழக்கிழமை பனி கொட்டியிருந்தது. வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் பத்மா "வெள்ளைப் பாதை" என்று சொல்லுவார். பயணம் நல்லபடி அமையட்டும் என்பதற்கு அவர்கள் சொல்வது. "வெளியே பார், இந்த நாட்டில் எல்லாப் பாதையும் வெள்ளைதான், அதுதான் வழுக்குது" என்று நான் பதில் சொல்லுவேன். அப்பாவை இறக்கிவிட்டு, மயானத்துக்கு வெளியே, சரிவுக்குக் கீழே, வாசல் தெரியாத தூரத்தில் வேனை நிறுத்தினேன். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியவில்லை. மேலே என்ன நடக்கிறது என்று தெரியாமல் கீழே காத்திருந்தேன், அந்தச் செவ்வாய்க்கிழமை மாதிரியே. இந்த முறை யாரையும் கூப்பிடவில்லை.

ஐம்பது நிமிடத்துக்குப் பிறகு அப்பா வந்து ஏறினார். சப்பாத்தில் மண். பெல்ற்றைப் போட்டார்.

"பிக்கு ஒருத்தர் வந்தவர். திபெத்காரராம். நான் கும்பிட்டனான்," என்றார். கொஞ்ச தூரம் போனபிறகு, கையைப் பார்த்துக்கொண்டு, "பெடியன் பாரமில்லையடா," என்றார்.

கெர்மென் சில்வர் கப்பை என்னை வைத்திருக்கச் சொன்னாள். வைத்திருக்கிறேன். மற்றபடி அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அவர் சொன்ன சில வார்த்தைகளும், அவற்றுக்கு நான் சொன்ன பதில்களும். இரண்டாவதைக் கொடுத்துவிட முடிந்தால் கொடுத்துவிடுவேன். இனிச் செய்யப்போவது:

1. இந்த மாத நடுவில் ஜூல் வருகிறது. மாவில் விளக்குச் செய்வேன். செத்தவருக்கு வயது கூடுமா என்று கெர்மெனிடம் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. நாற்பத்துநாலு திரி சுற்றி நட்டு வைப்பேன். நாற்பத்தைந்தாவதைச் சுற்றிப் பக்கத்தில் வைத்திருப்பேன்.

2. டிசம்பர் 28, அவர்களை ரயிலில் ஏற்றிய நாள். அன்று பத்மாவின் தாயைக் கூப்பிடுவேன். அம்மாவையும் பக்கத்தில் இருத்துவேன், அவர்கள் இரண்டு பேருக்கும் என்ன கேட்கவேண்டும் என்று தெரியும். என்னைப் பற்றிக் கேட்டால், எனக்கு முப்பது வயது என்று சொல்லுவேன், நடையையும் சேர்த்து.

3. பத்மாவின் போனைக் கெர்மெனுக்கு அனுப்புவேன். 1:46க்கு நான் அனுப்பிய குரல் செய்தி அதில் கேட்கப்படாமல் இருக்கிறது. அழிக்கமாட்டேன். அதில் என்ன சொன்னேன் என்று அவளுக்கு முதலே எழுதிவிடுவேன்.

4. ஜனவரி 5, நாற்பத்தொன்பதாம் நாள், இறந்தவரின் பயணம் முடிகிற நாள் என்பார்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இயந்திர அறைக்குள் நின்று, நாலு பக்கமும் தெளிப்பேன். அன்று காலை புருசெத்தில் லிப்ட் கொஞ்ச நேரம் ஓடாது. படியால் ஏறுங்கள்.

5. மேலே நிற்கிறவர் முதல் அழைப்பை எடுக்காவிட்டால், ஏறுவேன்.